உன் கேம்ல மாவு உடனே பொங்குது

எடுக்காதடா கௌதமா, உன் கேம்ல மாவு பொங்கக் காத்திருக்கிற அந்த இடத்த மட்டும் எடுக்கவே எடுக்காத, உன் பாஸ் என்ன குதிச்சாலும் சரி. நேத்து போன்ல நீ கேட்டதுக்கு இதுதான் பதில். போன்ல சொன்னா அச்சா அச்சான்னு பாதியில கட் பண்ணிடுற, அதான் எழுதி கூரியர்ல போடுறேன், உக்காந்து முழுசா படி. நல்லா இருக்கியான்னு இன்னும் கேக்கல, கேட்டுட்டேன்னு வெச்சுக்க. நானும் அம்மாவும் நல்லாத்தான் இருக்கோம், குளிர்தான் கொல்லுது. அம்மா ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல சால்வ போத்திக்கிட்டு சட்னி அரைக்கிறா, பாக்க மூட்ட மாதிரி இருக்கான்னு சொன்னேன், ரெண்டு நாளா எனக்கு காபி இல்ல.

நீ போன தடவ வந்தப்ப என் போன்ல ஏத்திட்டுப் போனியே உங்க கம்பெனி டிபன் கட கேம், அத வெளாடிப் பாத்தேன். அரிசிய அமுக்கு, உளுந்த அமுக்கு, தண்ணிய அமுக்கு, டிங்குனு ஒரு சத்தம், மாவு ரெடி. பாத்ததும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோவம் வந்துச்சு. வெறகு வேணும்னா மரத்த ரெண்டு தட்டு தட்டுறான், காஞ்ச வெறகா விழுது, பச்ச மரம்டா அது, பொகஞ்சே சாகடிக்கும். உளுந்து பழசா புதுசான்னு யாரும் பாக்கல. கிரைண்டர யாருமே கழுவல. இதையெல்லாம் விட்டுடலாம், பஸ்ல போற பையன் கிரைண்டர் கழுவுறதுக்கா கேம் வெளாடுவான்னு உன் பாஸ் கேட்டா அது நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நீ புதுசா ஒண்ணு போட்டேன்னு சொன்னியே, மாவு பொங்க ஒரு ராத்திரி ஆகணும், குளிர் ஊருன்னா சில நாள் பொங்காமலே போகும்னு, அது நல்ல வேலடா. அத எடுக்கச் சொல்றான்னா அவனுக்கு மாவும் தெரியல, கடையும் தெரியல. எல்லாத்தையும் சேத்துட்டா கண்டிப்பா கெடச்சுடும்னு எவன் சொன்னான்? போன ஞாயித்துக்கெழம எனக்கு நடந்தத கேளு.

லோதி ரோடு கவர்மென்ட் குவாட்டர்ஸ்ல கஸ்தூரிரங்கன்னு ஒரு சார், பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், காலைல டிபன் என் பொறுப்பு. இது நல்லா அமைஞ்சா அவங்க ஆபீஸ் தமிழ்க்காரங்க மாசாமாசம் கூடுற டிபனும் உனக்குத்தாம்ப்பான்னு சொல்லியிருந்தாரு. ஆர்டர் எடுக்கும்போதே நான் சோடா போடுறதில்ல சார்னு பெருமையா வேற சொல்லிட்டேன். ஜனவரி மாசம், டெல்லி குளிரு, அரச்ச மாவு செத்த பொணம் மாதிரி கெடக்கும், உனக்குத் தெரியாததா. அண்டாவ பஞ்சு மெத்த ரஜாயில சுத்தி ஹீட்டர் பக்கத்துல வெச்சேன். மாவுக்கு ரஜாய், எனக்குப் போர்வையான்னு அம்மா கத்துறா. பத்தாதுன்னு நெனச்சு ஹீட்டர இன்னும் கிட்ட நகத்தினேன் பாரு, அங்கதான் புத்தி கெட்டுப்போச்சு. விடிஞ்சு தெறந்தா, ஹீட்டர் பாத்த பக்கம் மாவு அண்டாவோட வெந்து கொழுக்கட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது, அந்தப் பக்கம் ஐஸ். ஒரு குமிழி கூட இல்ல.

அந்நேரம் பாத்து உன் பெரியப்பா கல்யாணராமன் ஒத்தாசைக்குன்னு வந்து நிக்கிறாரு. வெந்தத சுரண்டி எடுத்துட்டு மிச்சத்துல சோடா மாவப் போட்டு ஊத்துடா, எவனுக்குத் தெரியப்போவுதுங்கிறாரு. எனக்குத் தெரியும்ணேன்னு சொன்னேன். காலேஜ பாதியில விட்டவனுக்கு வாய் மட்டும் டிகிரி வாங்கிருச்சுன்னாரு. இருபது வருசமா இதே ஜோக்குதான், வேற மாத்துங்கன்னேன். சோடா இட்லி சூட்டுல பஞ்சு, ஆறினா செங்கல், வாயில சோப்பு வாசன. போடலன்னு வாயால சொல்லிட்டு எப்படிடா போடுறது? நேரா சார்கிட்ட போயி இன்னிக்கு மாவு பொங்கல சார், இட்லி இல்ல, வெண்பொங்கலும் ரவா உப்புமாவும் ஜல்தியா பண்ணிடுறேன்னேன். அவரு மொகம் செவந்துருச்சு. மாப்ள வீட்டுக்காரங்க கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க, உப்புமாவாய்யா போடுவேன்னாரு. போட்டேன். நல்லா சாப்டாங்க, மாப்ளயோட மாமா பொங்கல் மூணு தடவ வாங்கினாரு. ஆனாலும் மாசாமாசம் டிபன் வேற ஆளுக்குப் போயிருச்சு. அது எனக்கு வலிக்கலன்னு சொன்னா பொய்யி. அத நம்பித்தான் ரெண்டாவது கிரைண்டர் பாத்து வெச்சிருந்தேன்.

கூத்து என்னன்னா, மத்தியானம் வீட்டுக்கு வந்தா வெயில் வந்து அந்த மிச்ச மாவு பொங்கி வழிஞ்சு ரஜாயெல்லாம் மாவு. ஊத்தினோம், அப்படி ஒரு இட்லி. அம்மா ஒரு கையில ரஜாயத் தொவச்சுக்கிட்டே மறு கையில தின்னா, திட்டிக்கிட்டே.

இதத்தான்டா உன் பாஸ்கிட்ட சொல்லு. எல்லா சாமானும் சரி, ஆளும் சரி, ஆனாலும் ஒரு நாள் பொங்காது. அப்ப அந்த வெளாடுற பையன் என்ன பண்றான்னு பாக்கறதுதான் கேம். சோடா போடுறானா, பொங்கல் பண்றானா, ஓடிப் போறானா, அவன் இஷ்டம், அவனுக்கு அந்த எடத்த குடு. டிங்குனு சத்தம் போட்டு எல்லாத்தையும் குடுத்தா அது கட இல்ல, பிச்ச. திங்கக்கெழம மீட்டிங்ல தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆமா சார் போடாத. ரொம்பப் பேசினா வேலய விட்டுத் தூக்கிருவாங்களோன்னு பயமா இருக்குன்னு சொன்ன. தூக்கட்டும். வேற எடம் தேடு, கெடைக்கிற வரைக்கும் இங்க வா, சோறு இருக்கு. நான் படிப்ப விட்டப்ப என் அப்பா இப்படி ஒரு வார்த்த சொல்லல, நான் உனக்கு சொல்றேன், எழுதியே குடுத்துட்டேன்.

வேளாவேளைக்கு சாப்புடு, ஹைதராபாத் காரம் உன் வயித்துக்கு ஆகாது, தயிர் சேத்துக்க. நீ எத செஞ்சாலும் அது நல்லா வரும்டா, கொஞ்சம் லேட்டா வந்தாலும் வரும், என் ஆசீர்வாதம் அதுதான். அம்மாவுக்கு ஞாயித்துக்கெழம போன் பண்ணு, மறக்காத. அந்தக் கஸ்தூரிரங்கன் சாருக்கு நேர் மேல் வீட்டுல ஏதோ வளைகாப்பாம், அவங்களுக்கு டிபனுக்கு இன்னும் ஆள் அமையலயாம். அவரு வீட்டு வாசல் வழியாத்தான் ஏறணும், ஏறிப் போயி கேக்கப்போறேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்துதான் இத முடிக்கிறேன், பஸ் வந்துருச்சு, நான் கெளம்பணும்

அப்பா
கதிரவன்