அப்பாவின் போனுக்கு நான் வாங்கிய கவர்

மயிலிட்டி,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ஜெசிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் சுகம் என்று எழுதுவதற்கு முன் ஒருக்கால் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா கட்டிலில்தான் கிடக்கிறார், குறட்டை இந்த மேசை வரை கேட்கிறது, ஆகவே துணிந்து எழுதுகிறேன், மாதாவின் தயவால் நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகனும் சின்னவனும் அந்தக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். நாளுக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற அம்மா ஏன் பேனை பிடிக்கிறாள் என்று நீ திகைப்பாய். போனில் நான் உன்னோடு எதைக் கதைத்தாலும் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரிலை போடப்பா என்று பக்கத்தில் வந்து இருந்துவிடுவார், உனக்குத் தெரியும்தானே. நான் எழுதப்போவது அவர் காதில் விழக்கூடாத கதை. பக்கத்து வீட்டு றோய் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை டென்மார்க் திரும்புகிறான், இதை உறையில் போட்டு ஒட்டி அவன் கையில் கொடுத்துவிடுவேன். நின்றுகொண்டு வாசிக்காதே பிள்ளை, இருந்து வாசி.

நேற்றுப் பின்னேரம் போனில், நீ பேஸ்புக்கில் போட்டதை எடுத்துவிடு, காரணம் பிறகு சொல்கிறேன் என்றேன். நீ எடுக்க மாட்டேன் என்றாய். அந்தக் கடை வித்த கவராலைதானே அப்பா சாகப் பாத்தவர், நீங்கள் ஏனம்மா கடைக்காரருக்குப் பயப்படுறியள் என்று என்னோடு பாய்ந்தாய். அப்பாவும் பக்கத்தில் இருந்து, பிள்ளை சொல்லுறது சரிதானே என்றார்.  ஜெசி, அந்தக் கவரில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில்தான். அப்பாடா, எழுதிவிட்டேன். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ அனுப்பிய போன் வந்த அன்றே அப்பா அதைக் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடலில் எல்லை எங்கே என்று காட்டுகிற வரைபடத்தை நீதானே உள்ளே போட்டு அனுப்பியிருந்தாய். பழைய பட்டன் போன் என்றால் பொலித்தீன் பையில் சுற்றி றப்பர் பாண்ட் போட்டு மடியில் செருகிக்கொண்டு போவார், விழுந்தாலும் பெரிய கவலை இல்லை. இது நீ அந்த முதியோர் இல்லத்தில் கால் கடுக்க நின்று உழைத்த காசு. ஆகவே கிளினிக் நாளில், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பிறசர் குளிசையை எடுத்துக்கொண்டு, சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு போன் கடைக்குப் போனேன். நிவேதனா என்று ஒரு பிள்ளை நின்றாள், நீ இங்கிருந்து போகும்போது உனக்கிருந்த வயதுதான் இருக்கும். நல்லதாக ஒன்று காட்டு பிள்ளை என்றேன். அவள் எடுத்து வைத்த முதல் கவர் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. உள்ளுக்கை போனும் இருக்கோ பிள்ளை என்று கேட்டுவிட்டேன், கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, அந்த நேரம் பிறசர் பார்த்திருந்தால் டாக்குத்தர் என்னை வார்ட்டில் மறித்திருப்பார். பிறகு அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒன்று கண்ணாடி போல, அது மூன்று மாதத்தில் மஞ்சளாகிவிடும் என்று அவளே சொன்னாள். ஒன்றுக்குள் மினுக்கமாய்த் தண்ணீரும் குட்டி மீன்களும் ஓடுகின்றன, அதைப் போட்டுக்கொண்டு அப்பா துறைக்குப் போனால் ஊர் முழுக்கச் சிரிக்கும். ஒன்று பூசைப் புத்தகம் போல மூடித் திறக்கிறது, எனக்கு அதில் ஆசை விழுந்தது, ஆனால் மடிப்புக்குள் மீன் செதில் போய்ப் புளுத்துவிடும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அந்தப் பிள்ளையே கேட்டாள், அன்ரி, ஆர் பாவிக்கிறது என்று. கடலுக்குப் போகிற மனிசன் என்றேன். அதை முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி என்று சொல்லி, போனுக்கு மேலே போடுகிற தடித்த றப்பர் கவர் ஒன்றும், அதோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிக் கழுத்தில் மாட்டுகிற, தண்ணீர் போகாத பவுச் ஒன்றும் எடுத்துத் தந்தாள். இரண்டும் சேர்த்து இரண்டாயிரம் ரூபா. பவுச்சுக்கு மேலே மூன்று பூட்டு, இழுத்துத்தான் திறக்க வேண்டும்.

காசை வாங்கிக்கொண்டு சும்மா விடவில்லை அவள். அன்ரி, உடனை போனை வைச்சுப் போடாதேங்கோ, முதல் ரிஷ்யூக் கடதாசியை உள்ளுக்கை வைச்சுப் பூட்டி வாளித் தண்ணிக்குள்ளை ஒரு மணித்தியாலம் தாட்டுப் பாருங்கோ, நனையாட்டி மட்டும் போனை வையுங்கோ, உள்ளுக்கை ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது, காஞ்ச கையாலைதான் திறக்க வேணும் என்றாள். மூன்று தரம் சொன்னாள். எனக்குக் காது மந்தம் என்று நினைத்தாளோ தெரியவில்லை. அவள் சொன்னபடியே வீட்டில் வாளிக்குள் போட்டு, மேலே அம்மியில் அரைக்கிற குழவியை வைத்து அமத்தி, சோறு வடித்து முடிய எடுத்துப் பார்த்தேன். கடதாசி மொரமொரவென்று இருந்தது. நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறேன் என்று எனக்குப் பெரிய பெருமை.

இனித்தான் என் கதை. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், வலை என்றாலும் எஞ்சின் என்றாலும், பங்குச் சுவாமி மந்திரிக்காமல் கடலில் இறக்கினதில்லை. ஞாயிறு பூசை முடிய போனைப் பவுச்சோடு கொண்டுபோய் நீட்டினேன். சுவாமி சிரித்துக்கொண்டு, இனிப் போனுக்கும் ஆசீர்வாதமோ என்று கேட்டுச் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் முழுவதும் பிளாஸ்டிக்கில் பட்டு வழிந்து ஓடிவிட்டது. போனில் ஒரு துளியும் படவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை, இது கவரை மந்திரித்ததே ஒழியப் போனை மந்திரித்ததாகாது என்று பட்டது. அப்பா துறைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டைத் திறந்து, மடு மாதா கோவிலில் இருந்து கொண்டுவந்து வைத்திருக்கிற தீர்த்தப் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லிக் குழந்தைக்குப் பூசுவது போலப் போனின் முன்னும் பின்னும் பூசினேன். கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். சீலைத் தலைப்பால் மேலால் ஒற்றிவிட்டு, உள்ளே வைத்து மூன்று பூட்டையும் இறுக்கிப் பூட்டினேன். றப்பர் கவருக்கும் போனுக்கும் இடையில் தண்ணீர் நின்றிருக்கிறது, எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று தரம் சொன்னது அந்த நேரம் என் தலைக்குள் வரவேயில்லை ஜெசி. தீர்த்தத்தை நான் தண்ணீர் என்று நினைக்கவில்லை.

மிச்சத்தை அப்பா உனக்குப் பாதிதான் சொன்னவர். எஞ்சின் பழுது, கொஞ்சம் பிந்தி வந்தேன் என்றார். கொஞ்சம் இல்லைப் பிள்ளை. போன செவ்வாய் விடியப் போனவர், வழமையில் பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுவார். அன்றைக்கு றோய் வீட்டார் எல்லாரும் மடுவுக்குப் போயிருந்தார்கள், அதனால் எப்போதும் கூடப் போகிற றோயின் தகப்பனும் வள்ளத்தில் இல்லை. இவர் தனியே. பழைய போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார், புதுசு இருக்கப் பழசு என்னத்துக்கு என்று நான்தான் சொன்னேன். அறுந்து மிதந்த வலைத் துண்டொன்று எஞ்சின் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் பத்தரைக்கு எடுத்தேன், பன்னிரண்டுக்கு எடுத்தேன், பிறகு விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு பெண் மூன்று பாஷையிலும் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லுவாள். எனக்குச் சிங்களம் தெரியாது, இப்போது அந்த ஒரு வசனம் மட்டும் பாடம். நேவிக்குச் சொன்னோம், நாலு வள்ளம் தேடிப் போய் இருட்டத் திரும்பி வந்தது. இந்தக் கடலும் கரையும் இருபத்தேழு வருசம் ஆமியின் கையில் இருந்து எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததே, இதற்குத்தானா மாதாவே என்று வாய்விட்டுக் கத்தினேன். அடுத்த நாள் பத்து மணிக்கு வல்வெட்டித்துறைப் பெடியள் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். அப்பா உதடு வெடித்து, என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தில் தொங்கின பவுச்சைத்தான் பார்த்தேன். உள்ளே வேர்த்து வெள்ளையாய் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, அப்படியே மணலில் இருந்துவிட்டேன். சந்தோசத்தில் மயங்கிவிட்டாள் என்று ஊர் நினைத்தது.

கவர் தண்ணி விட்டிட்டுது, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் என்று அப்பா துறையில் சொன்னார், உனக்கும் சொன்னார், நீ கடையின் பெயரைப் போட்டு எழுதினாய், முந்நூறு பேர் அதைப் பரப்பினார்கள். நான் வாய் திறக்கவில்லை. புருசனைச் சாக்கொல்லப் பார்த்தவள் என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன், அதுதான் உண்மை. நேற்றுக் கிளினிக்குக்குப் போன இடத்தில் கடைப் பக்கம் போனேன். நிவேதனா இல்லை, வேறு ஒரு பெடியன் நிற்கிறான். கேட்டேன். பிரச்சினை முடியுமட்டும் வர வேண்டாம் என்று முதலாளி நிற்பாட்டிவிட்டாராம், நீ என்ன சொல்லி வித்தனி என்று கடை நிறைய ஆட்கள் நிற்கப் பேசினாராம், அவள் அழுதுகொண்டு போனாளாம்.  பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. எனக்கு நல்லது சொன்ன பிள்ளை, என் மகளைப் போல ஒரு பிள்ளை. நீ முதலில் அதை எடுத்துவிடு, அப்பாவுக்கு எதுவும் சொல்லாதே, அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து

பின்னேரம் நாலு மணி.

மேலே வசனம் பாதியில் நிற்பதைப் பார்த்துப் பயப்படாதே. அப்பா எழும்பி வந்துவிட்டார். தேத்தண்ணி கேட்க வந்தவர் என் கண்ணையும் கடதாசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆருக்கு என்ன எழுதுறாய் என்று கேட்டார். ஒளிக்க நினைத்தேன், முடியவில்லை, போத்தல், தீர்த்தம், சீலைத் தலைப்பு எல்லாவற்றையும் அழுது அழுது சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். உதுக்கே உவ்வளவு கடதாசி என்று கேட்டார். பிறகு, எனக்குத் தெரியுமப்பா என்றார். எஞ்சின் நிண்ட உடனை பவுச்சைத் திறந்தனான், றப்பர் கவருக்குள்ளை இருந்து தண்ணி வடிஞ்சுது, விரலாலை தொட்டு நாக்கிலை வைச்சன், உப்பில்லை, கடல் தண்ணி போயிருந்தா உப்புக் கரிச்சிருக்கும், உது வீட்டுத் தண்ணி எண்டு அப்பவே தெரியும், வீட்டிலை எந்தப் போத்தல் எண்டும் தெரியும், அப்பிடியே திரும்பப் பூட்டி வைச்சன் என்றார்.  ஒரு கிழமை, ஜெசி, ஒரு கிழமை என் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர், நான் விம்மினதையும் கேட்டுக்கொண்டு. பிறகேன் கடையைப் பேசினீங்கள் என்று கேட்டேன். நீ கரையிலை இருந்த கோலத்தைக் கண்டனான், அதுக்குப் பிறகு உன்னட்டை என்னத்தைக் கேக்கிறது, ஆரையாவது பேசாட்டிச் சனம் துருவிக் கேக்கும், கடையைச் சொன்னன் என்றார்.

நிவேதனாவின் கதையைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. முகம் செத்துப்போய்விட்டது, கடலில் இருந்து வந்த அன்றுகூட அவர் அப்படி இருக்கவில்லை. கடை எண்டா ஒரு போர்டு எண்டு நினைச்சன், உள்ளுக்கை ஒரு பிள்ளை நிக்கிறதை மறந்துபோனன் என்று சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம். முதலாளிக்கு முன்னால், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே சொல்லப்போகிறோம். பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போய் நான் மன்னிப்புக் கேட்பேன். அவள் என்னைப் பேசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். இன்று இரவு போனில் அப்பாவே எல்லாம் சொல்லுவார், ஸ்பீக்கரில்தான், ஆனாலும் என் கையெழுத்திலும் உன்னிடம் இருக்கட்டும். அதை எடுத்துவிடுவதோடு நிற்காதே. எடுத்தால் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பித்தார் என்று சனம் சொல்லும். கவரில் பிழையில்லை, பிழை என் அம்மாவில் என்று எழுது. பெயரைப் போட்டு எழுது, மயிலிட்டி ஸ்ரெல்லா என்று. முந்நூறு பேரும் அதையும் வாசிக்கட்டும். எனக்கு வெட்கம்தான், ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணீரை விட என் வெட்கம் பெரிதில்லை. போன் அரிசிப் பேணிக்குள் ஒரு கிழமையாகக் கிடக்கிறது, உயிர் வரவில்லை. வேறு அனுப்பாதே, பழைய போனும் பொலித்தீன் பையும் எங்களுக்குப் போதும்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் சின்னவனையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. சின்னவனின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு, வெறும் விரலால் போட்டால் போதும். ஐஸ் றோட்டில் போன் கதைத்துக்கொண்டு நடக்காதே. உன் போனுக்கும் நல்ல தடித்த கவராகப் போடு, எட்டாயிரத்து ஐந்நூறு வேண்டாம். மறக்காமல் எழுது, நிவேதனாவின் பெயரையும் நல்லபடி எழுது.

உன்னை என்றும் மறவாத
அம்மா,
ஸ்ரெல்லா சிமியோன்.

கீழே அப்பா தன் கையால் எழுதுவது: பிள்ளை, கவர் திறம். அம்மா ஊற்றின தண்ணீர் இரண்டு நாளும் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. குடிதண்ணீர் முடிந்த நேரம் போன் குடித்த மிச்சத்தை நான்தான் நக்கிக் குடித்தேன். அதையும் சேர்த்து எழுது.