முதல் பீஸ் வராத எட்டு மாதம்

என் மஞ்சு அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மா வந்திருந்தார். கம்பெனி வண்டியில் நான்கு வருடம் உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர். அத்திப்பள்ளியிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்து, உன் படத்துக்குப் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்.

"சுமதி, உங்க அக்கா எழுதினதெல்லாம் போன்ல வரும்னு சொன்னாளே, வந்துச்சா மா? எனக்குத் தமிழ் படிக்க வராது. என் மக படிச்சுக் காட்டுவா."

நான் என்ன காட்டினேன் தெரியுமா? உனக்காக எட்டு மாதம் கட்டிய வலைப்பதிவைக் காட்டினேன். உள்ளே நுழையும் பக்கம். கடவுச்சொல் மறந்தால் மாற்றும் பக்கம். வாசகர்களின் கருத்தை அனுமதிக்கவோ தடுக்கவோ ஒரு பக்கம். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சென்னாகிதே மா, நல்லாருக்கு. அவ எழுத்து எங்கே?"

காபி போடுகிறேன் என்று உள்ளே நழுவிவிட்டேன். நழுவ எனக்குத்தான் நன்றாக வருமே.

கம்பெனியில் தேறாத பாகங்களில் கட்டும் சிவப்பு அட்டைகளில், பழையதாகிக் குப்பைக்குப் போகிறவற்றின் பின்பக்கத்தில்தானே நீ எழுதுவாய்? பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கை தூக்கும் பெண்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளும் ஓவர்டைம் பார்த்த தேன்கனிக்கோட்டைப் பெண். வண்டி ஜூஜுவாடி நெரிசலில் நிற்கும்போது நீ வாசித்துக் காட்டுவாய், கூட வரும் பெண்கள் தங்களைப் பற்றித்தான் என்று தெரிந்து சிரிப்பார்கள். எல்லோர் போனிலும் இது வர வேண்டும் என்பதுதான் உன் ஒரே ஆசை.

முதலில் நீ சொன்னபடிதான் செய்தேன். இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் உன் மூன்று கட்டுரைகளைப் போட்டோம். நீ நேராக என் போனிலேயே தட்டியவை, வேறு பிரதி கிடையாது. அந்தத் தளத்தை மூடப்போகிறோம் என்று வந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது தளமும் இல்லை, மூன்றும் இல்லை.

"இனிமே அடுத்தவன் தளம் வேணாம்க்கா. நானே புரோகிராம் எழுதி ஒரு தளம் கட்டறேன், சொந்தமா. எவனும் மூட முடியாது."

"வாடகை வீட்டுலதானடி பொறந்தோம். சோறு ஆக்கித் திங்கலயா? மூடுனா மூட்டைய கட்டிகினு அடுத்த வீட்டுக்குப் போறோம். இருக்கறதுல ஒண்ண எடுத்துப் போடு."

"அது உனக்குப் புரியாதுக்கா."

உனக்குப் புரியாது என்று உன்னிடமே சொன்னேன். பிளஸ் டூவோடு நீ வேலைக்குப் போனதால் கல்லூரிக்குப் போக முடிந்த நான் சொன்னேன்.

நீ குவாலிட்டியில் இருந்தவள். மெஷினை செட் பண்ணியதும் ஒரே ஒரு பாகம், முதல் பீஸ் என்று, ஓட்டி உன்னிடம் கொண்டுவருவார்கள். நீ அளந்து கையெழுத்துப் போட்டால்தான் மீதி ஓடும். அதனால் வாரா வாரம் என்னையும் அப்படியே கேட்டாய்.

"என்னாடி, முதல் பீஸ் எங்க?"

"செட்டிங்ல இருக்குக்கா."

"எங்க ஆளுங்க இவ்ளோ நாள் செட்டிங் பண்ணா மெஷினோட சேர்த்து வெளிய தள்ளிடுவாங்க."

சிரித்தோம். நான் போய் எழுத்துரு மாற்றினேன்.

மஞ்சள் காமாலை முற்றி உன்னை கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் கேட்டாய். கண் மஞ்சளாக, உதடு காய்ந்து. "வந்துடுச்சாடி?" "இன்னும் ரெண்டு வாரம்க்கா," என்றேன். அந்த இரண்டு வாரம் உன்னிடம் இருக்கிறதா என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இப்போது உண்மையைச் சொல்கிறேன். தளம் மூடப்பட்டது ஒரு சாக்கு. என் அலுவலகத்தில் எல்லோரும் தாங்கள் செய்ததைப் பற்றி இங்கிலீஷில் பேசும்போது, வாய் திறக்காத எனக்கும் இது நான் கட்டியது என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. வேலை முடியாதவரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்ற வசதியும் அதில் இருந்தது. என் கூச்சத்தை உன் எழுத்துக்குப் பூட்டாக மாட்டிவிட்டேன்.

ரத்னம்மா போன பிறகு, எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண வலைப்பதிவு மென்பொருள் ஒன்றை எடுத்தேன். அடுப்பில் சோறு வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மாதிரிக்கு அவர்களே போட்டிருந்த ஒரு பதிவை அழித்தேன். தேன்கனிக்கோட்டைப் பெண்ணின் அட்டையைப் பார்த்துத் தட்டினேன். வெளியிட்டேன். குக்கர் இன்னும் அடங்கவில்லை. எட்டு மாதம் நீ கேட்டது அவ்வளவு நேரத்து வேலை.

மறுநாள் ரத்னம்மா போன் செய்தார். வண்டியில் எல்லோரும் படித்தார்களாம். சிரித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

இன்னும் நிறைய அட்டைகள் இருக்கின்றன, அக்கா. ஞாயிறுதோறும் ஒன்று போடுவேன். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி வைப்பேன். மூடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். முதல் பீஸில் கையெழுத்துப் போட நீ இல்லை. கையெழுத்து இல்லாமல் மெஷினை ஓட்டுகிறவர்களை நீ என்ன திட்டு திட்டுவாய் என்று தெரியும். ஓட்டத்தான் போகிறேன். முடிந்தால் வந்து திட்டு.

"இன்னும் ரெண்டு வாரம்" என்று சொன்ன உன் தங்கை,
சுமதி
ஓசூர்