மிச்சப் பாதி

ஃப்ளோரோ,
மே 27.

அன்புள்ள ஹல்வாருக்கு,

நலம்தானே? பெர்த்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு தேவாலயத்தில் எங்கள் மகள் இல்வாவின் திடப்படுத்தல் சடங்கு நல்லபடியாக நடந்தது. மழை இல்லை. பெண் என் அம்மாவின் பழைய பாரம்பரிய புனாட் உடையை உடுத்திக்கொண்டாள். இடுப்பில் இரண்டு விரற்கடை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. நீ அனுப்பிய பரிசு வந்தது, அவளே எழுதுவாள்.

அக்டோபரில் உன் அண்ணன் டோர்லைவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போனது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பயணப் படகில் கேப்டனாக மைக்கில் முழங்கியவர் ரொட்டி கேட்கவும் கையை நீட்டினார். எனக்கு இருந்த ஒரே பயம், இல்வாவின் விருந்தில் அவர் எழுந்து பேசுவாரா என்பதுதான். நம் ஊரில் அன்று அப்பா பேசாமல் விருந்து உண்டா? என் அண்ணன் ஸ்டெய்னார் தான் பேசுவதாகச் சொன்னார். "அப்பா பேசலைன்னா யாருமே பேச வேணாம், மாமா" என்று இல்வா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

ஆஸ்லாவ் என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள் வருகிறாள். அவள் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது! நம் மொழியில் நாம் இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுகிறோமே, அதையே அவள் ஏணியாக்கினாள். மீன்படகுக்கு நாம் சொல்வது ஃபிஸ்கெபோட். ஃபிஸ்க் மீன், போட் படகு, நடுவில் ஆணி மாதிரி ஒரு 'எ'. அவள் அதை மேசையில் தட்டச் சொன்னாள். 'ஃபிஸ்' வரும்போது முஷ்டியால் ஓங்கி ஒரு தட்டு, 'கெ' விரல் நுனியால், 'போட்' விரல் முட்டியால். கனமெல்லாம் முதல் அசையில்தான், இரண்டாவது சொல்லுக்குப் பாதிக் கனம். ஐம்பது வருஷமாகப் பேசுகிறேன், நம் பேச்சுக்குள் இப்படி ஒரு தாளம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. சொல் வராத நாளிலும் அவருக்குத் தட்டு வந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லும் பின்னாலேயே வந்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆனால் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். கனம் முதலிலேயே விழுந்துவிடுவதால் நமக்கு முழுச் சொல்லும் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அவர் முதல் பாதி சொன்னதும் மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன். கடைக்காரியும் அப்படித்தான், ஸ்டெய்னாரும் அப்படித்தான். அன்பில்தான் செய்தோம். அவரும் தலையை ஆட்டிவிடுவார். ஒருநாள் ஆஸ்லாவ் பார்த்துவிட்டாள். "ஏம்மா, வாய் அவரோடதா உங்களோடதா? கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

விருந்துக்கு முப்பது பேர். இறைச்சி பரிமாறியதும் டோர்லைவ் கத்தியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தார். "இல்வா" என்றார். அது சுலபமாக வந்தது. பிறகு முஷ்டியால் மேசையை ஓங்கித் தட்டி, விரல் நுனியால் ஒன்று. "சொம்மெர்" என்றார். கோடை. அங்கே நின்றுவிட்டது. ஸ்டெய்னார் பொறுக்கமுடியாமல், "கோடை விடுமுறையா?" என்று எடுத்துக்கொடுத்தார். இல்வா கையை உயர்த்தினாள். "யாரும் சொல்லாதீங்க. அப்பா, நீங்க சொல்லுங்கப்பா." பிறகு அவளே முஷ்டியால் ஒன்று, விரல் நுனியால் ஒன்று தட்டிவிட்டுக் காத்திருந்தாள். முப்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அவர் விரல் முட்டி மேசையில் பட்டது. "பார்ன்."

சொம்மெர்பார்ன். கோடைக் குழந்தை. ஜூலையில் பிறந்தவளைத் தொட்டிலில் பார்த்து அவர் முதலில் சொன்ன வார்த்தை அது. ஹல்வார், எனக்கே மறந்துபோயிருந்தது. நான் எடுத்துக்கொடுத்திருந்தால் விடுமுறை என்றுதான் கொடுத்திருப்பேன், அவரும் தலையை ஆட்டியிருப்பார். இத்தனை மாதம் நான் முடித்துவைத்த வார்த்தைகளில் எத்தனை அவர் நினைத்தவை? அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்தார்.

இப்போது உன் விஷயம். ஈஸ்டருக்கு நீ போன் செய்தபோது அவர் "ஹ்யெம்" என்று பாதி சொன்னார். வீடு. "வீட்டு நினைப்பா? எனக்கு அதெல்லாம் இல்லண்ணா!" என்று சிரித்துவிட்டுப் பத்து நிமிஷம் உங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் பேசினாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். உன்மேல் தப்பு சொல்லவில்லை, நானும் அதைத்தானே செய்தேன். ஆனால் அன்றைக்கு அவர் சொல்லவந்தது அதுவல்ல. என்னவென்று எனக்கும் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். நாலு நாளாகக் கொட்டகையிலிருந்து தட்டும் சத்தம் வருகிறது. முஷ்டி ஓங்கி விழுகிறது, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் சேரப் பத்து நாள் ஆகும். ஜூன் கடைசி ஞாயிறு, இங்கே காலை பத்து மணிக்கு, அவரே உன்னை அழைப்பார். முதல் பாதி வந்துவிடும். அதன்பிறகு நீ வாயைத் திறக்காதே, தம்பி. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார். உனக்குப் புண்ணியமாகப் போகும், மிச்சப் பாதியை அவர் வாயாலேயே கேள்.

அன்புடன்,
உன் அண்ணி
குன்வோர்