கோமதியின் படம்

செவ்வாய்க்கிழமை, இரவு

பேத்தி மீனா இன்னும் லேப்டாப்பை மூடவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் வெப்சைட் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்தி அமைக்கிற மாதிரி, ஹிஞ்சேவாடியில் அவள் ஆபீஸில் ஒரு கருவி செய்கிறார்கள். அதில் அமைத்த எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பக்கத்தைத் திறந்து நேற்று என்னைப் பழகச் சொன்னாள். "உனக்கு வந்துட்டா எல்லாருக்கும் வரும் பாட்டி" என்று கிண்டல் வேறு.

அதில் என் நாத்தனார் கோமதி குத்துவிளக்கு ஏற்றும் படம் இருந்தது. அது என் அம்மா எனக்குக் கொடுத்த விளக்கு. இரவல் வாங்கிப்போய் அதில் தன் பெயரை வெட்டிக்கொண்டாள். முப்பத்தோரு வருடமாகிறது. படத்தைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று அந்தக் கருவி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று சங்கத்திலிருந்து புகார் வந்துவிட்டது. "போட்டோ தானா காணாம போகுது பாட்டி. காரணம் தெரியலன்னா நாளைக்கு இந்தக் கருவிய கஸ்டமர்கிட்ட காட்டக் கூடாதுன்னுட்டார் மேனேஜர். ரெண்டு வருஷ வேலை" என்றாள் மீனா. சாப்பிடவும் இல்லை.

இப்போது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. எழுந்து போய், எடுத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். கோமதியிடம் மன்னிப்புக் கேள் என்றால் மட்டும் முடியாது.