தம்பியின் கதவைக் குறித்து நானே போட்ட மொட்டைக் கடிதத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டி

அனுப்புநர்:
குடும்ப அறக்கட்டளையின் மூத்த அறங்காவலர்,
தையற்கடை (மாடிப்படிக்குக் கீழே).

பெறுநர்:
உயர்திரு மாவட்ட அலுவலர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பொருள்: எங்கள் அறக்கட்டளைக் குடியிருப்பின் ஐந்து வீடுகளிலும் இரவுக் கண்காணிப்பாளரை அமர்த்துமாறு பிறப்பித்த ஆணையைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆணைக்குக் காரணமான, "உண்மையான பொதுநல விரும்பி" என்று கையொப்பமிட்ட புகாரை எழுதியது நான்தான் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடக்கையால் எழுதினேன். தங்கள் கோப்பில் "தள்ளாத வயதினர் ஒருவரின் புகார்" என்று குறித்திருப்பதாக அறிந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது.

2. அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் காணப்படும் 38, 14, 9 ஆகிய எண்களுக்கு ஆணையில் விளக்கம் கேட்டுள்ளீர்கள். அவை கதவு, சன்னல் அளவுகள் அல்ல. ஒரு தலைமையாசிரியையின் மேல்சட்டை அளவுகள். அவசரத்தில் கடையின் அளவுச்சீட்டிலேயே எழுதிவிட்டேன். மொட்டைக் கடிதத்தில் எனக்கு முன் அனுபவம் இல்லை.

3. எங்கள் தந்தை விட்டுச்சென்ற காகிதக் கிடங்கை மூவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவள் என் தங்கை. வங்கியில் வேலை பார்ப்பவள். அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. கிடங்கை ஐந்து சிறு வீடுகளாக்கி, மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்கள் தனித்து வாழ ஒதுக்கினோம். பகலில் இரண்டு மணி நேரம் துணையாளர் ஒருவர் வருவார். கேட்ட உதவியை மட்டும் செய்வார். முதல் வீட்டுக்குக் குடிபோனவன் எங்கள் தம்பி. வயது நாற்பத்தொன்று. அதுவரை என்னோடு இருந்தான். அவனுக்குச் சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிடுவேன். மருத்துவமனைச் சலவையகத்தில் அவன் ஒரு நாளைக்கு இருநூறு வெள்ளை அங்கிகளுக்குப் பொத்தான் போட்டு மடிக்கிறான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "நீதான் போடணும்னு ஆசைப்பட்டே" என்றான்.

4. அங்கே ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் "வரலாம்", மறுபக்கம் "இப்போது வேண்டாம்". அறங்காவலரானாலும் அட்டைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவள் நான். அது எனக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டுத் தூக்குடன் போய் "இப்போது வேண்டாம்" பக்கத்தைப் பார்த்துத் திரும்பினேன். எதிர்க்கடை சலூன்காரர் மூன்று முறையும் பார்த்தார் என்பதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல். நான்காவது வாரம் பேனாவை எடுத்தேன்.

5. அதில் நான் எழுதியவை: சரியாகச் சாப்பிடுவதில்லை, அடுப்பால் ஆபத்து, கேட்பாரில்லை. உண்மை நிலை: ஒரே ஒருமுறை முட்டை கருகியது. அப்போது அவனை அரை மணி நேரம் தொலைபேசியில் பிடித்துவைத்திருந்தவளும் நானே.

6. இதன்பேரில் தங்கள் ஆய்வாளர் வந்து மணியடித்தார். தம்பி துண்டோடு வந்து, தான் குளித்துக்கொண்டிருப்பதாகவும் ஐந்து மணிக்கு வரலாம் என்றும் சொல்லிக் கதவைச் சாத்தினான். அறிக்கையில் இது "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவாகியுள்ளது. இம்மாத இறுதிக்குள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு கண்காணிப்பாளர் இரவு தங்க வேண்டும், தவறினால் ஐவரும் உறவினரிடம் திருப்பி அனுப்பப்படுவர் என்று ஆணை வந்தது. ஐந்து ஆட்களுக்கு அறக்கட்டளையிடம் வழியில்லை. அப்படியே இருந்தாலும், அந்த ஒற்றை அறையில் இன்னொரு கட்டில் போட்டால் கதவு திறக்காது.

7. தம்பி அந்த ஆணையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்து, கடைக்குக் கொண்டுவந்து தையல் இயந்திரத்தின் மேல் வைத்தான். "நான் திரும்ப உன் வீட்டுக்கு வரணுமாக்கா?" என்றான். வந்தால் என்ன, இடமா இல்லை என்றேன். கலைந்து கிடந்த நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கினான். பிறகு, "உன் வீட்டுல எனக்குக் கதவு இல்லையே" என்றான். ஐயா, இருபது ஆண்டுகள் அவன் கட்டில் என் வீட்டுக் கூடத்தில்தான் கிடந்தது. அவன் சொன்ன பிறகே அதை எண்ணிப் பார்த்தேன்.

8. அன்றே தங்கையிடம் உண்மையைக் கக்கினேன். அளவுச்சீட்டு விவரத்தை ஆணையில் படித்தபோதே தெரியும் என்றாள். நான் எத்தனை நாள் தாங்குகிறேன் என்று பார்த்தாளாம். தம்பியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவன் கேட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னான். தானே தேநீர் போட்டான். எழுந்து போய் உதவாமல் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேலை நான் பார்த்ததில்லை. சர்க்கரை தூக்கல். சொல்லவில்லை. "இனிமே கோவம் வந்தா மணியடி. கடுதாசி போடாதே" என்றான்.

9. தங்கை கேட்டுக்கொண்டபடி சென்ற சனிக்கிழமை ஆய்வாளர் மறு ஆய்வுக்கு ஐந்து மணிக்கே வந்தார். அட்டை "வரலாம்" என்றிருந்தது. அடுப்பு, மருந்துப் பெட்டி, அவசர எண்கள் எல்லாவற்றையும் தம்பி காட்டினான். மற்ற நான்கு வீடுகளையும் பார்த்துவிட்டு, குறையில்லை என்றும், புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றால் தங்கள் கையொப்பத்தோடு முடிந்துவிடும் என்றும் சொல்லிப் போனார்.

10. ஆகவே என் புகாரைப் பொய்யென்று தள்ளி, ஆணையை ரத்து செய்து, ஐவரும் அவரவர் கதவுக்குள் தொடர்ந்து வாழ வழிசெய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டெனில் அது என்னோடு நிற்கட்டும்.

இடம்: தையற்கடை
நாள்: ஆய்வுக்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை

உண்மையுடன் (இம்முறை வலக்கையால்),
(ஒப்பம்)
மூத்த அறங்காவலர்

குறிப்பு: பதிலைத் தம்பியின் முகவரிக்கே அனுப்பவும். என் வீட்டுத் தபால்பெட்டியின் சாவியை நான் தொலைத்து எட்டு மாதமாகிறது; என் மின்கட்டணச் சீட்டுகூட அவன் வீட்டுக்குத்தான் போகிறது, நாள் தவறாமல் அவன்தான் கட்டுகிறான்.