சோம்பேறிச் சட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி இப்போதுதான் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டு வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சுகமா என்று கேட்க மனசு துடிக்கிறது, ஆனால் கோபம் முந்திக்கொள்கிறது. அண்ணன் கண் திறந்தாரா என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஊரை விட்டுப் போனவன் நீ. உன் விலாசத்தை அந்தச் சைக்கிள் கடைக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். போன் நம்பரை மட்டும் தரவே மாட்டேன் என்றுவிட்டான். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறானாம். நல்ல சிநேகிதன்தான் பிடித்திருக்கிறாய்.

உன் அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. முகத்தில் காதோரம் மட்டும் தழும்பு, அதையும் தாடி வளர்த்து மூடிவிட்டார். வலது கைதான் சரியில்லை. விரல்கள் பாதிக்குமேல் மடங்குவதில்லை. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைத் தன் செல்ல மகள் குட்டியிடம் கொடுத்துவிட்டார், அவள் அதைச் சுவரில் அடித்து அடித்து என் உயிரை எடுக்கிறாள்.

கையை விடப் பெரிய தொந்தரவு ஒன்று இருக்கிறது. நான் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால் போதும், மனிதர் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார். தீயோடு குடித்தனம் நடத்தியவர், தம்பி. கருக்கலில் எழுந்து பேக்கரி அடுப்பின் வாயில் முகத்தை விட்டுச் சூடு பார்த்தவர். இப்போது நான் அவர் வெளியே போகிற நேரம் பார்த்துத் திருடி மாதிரிச் சமைக்கிறேன். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது, அந்தச் சுவர்ப் பக்கம்கூட அவர் திரும்புவதில்லை. கடைக் கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து, மறுபடி திறப்பீர்களா, இல்லை வேறு ஆளுக்கு விடட்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். உன் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதெல்லாம் தெரிந்துதான் மாடி வீட்டுத் தையல்காரம்மா கரண்டில் மெல்லச் சமைக்கிற ஸ்லோ குக்கர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மகன் எப்போதோ வாங்கி அனுப்பியதாம், பெட்டிகூடப் பிரிக்கவில்லை. உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. அவ்வளவுதான். தீ கிடையாது, விசில் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. காலையில் பருப்பைப் போட்டால் மத்தியானம்தான் வேகும். குட்டி அதற்குச் சோம்பேறிச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். ஆனால் ஒன்று கவனித்தேன். அது வந்ததிலிருந்து உன் அண்ணன் சமையலறையில் உட்கார ஆரம்பித்தார். பேசுவதில்லை, சும்மா ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி ஒரே அடம். காலைக்குக் கடையில் செய்கிற சுருள் பன்தான் வேண்டுமாம். பட்டைத்தூளும் நாட்டுச்சர்க்கரையும் உள்ளே ஒழுக ஒழுக, அதுவும் தட்டின் நடுவில் இருக்கிறதே அந்தச் சுருள்தான் வேண்டுமாம். யாருடைய புத்தி என்று உனக்கே தெரியும். நாலு பக்கமும் காயாத அந்த நடுச் சுருளுக்காக நீ சின்ன வயதில் எப்படித் தரையில் புரண்டாய் என்று உன் அண்ணன் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடை மூடியிருக்கிறது, அப்பாவுக்குக் கை இல்லை, வீட்டில் ஓவன் இல்லை, போய்ப் பாலைக் குடி என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அவர் ஸ்டூலில் இருப்பதைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் மாவை எடுத்தேன். நான் கல்லாவில் உட்கார்ந்தவள், மாவு மேடைப் பக்கம் வந்தவள் இல்லை. மைதா, ஈஸ்ட், பால், வெண்ணெய் எல்லாம் குத்துமதிப்பு. கடையில் சுருளை வெட்டித் தட்டில் அடுக்கி, அது உப்பி வரும்வரை துணி போட்டு மூடிவைப்பீர்களே, அதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை. பிசைந்தேன், தட்டினேன், சர்க்கரை தூவிச் சுருட்டினேன், வெட்டிச் சோம்பேறிச் சட்டியில் வட்டமாக வைத்தேன், திருகைத் திருப்பினேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். மாவை உப்பவே விடலையே, கல்லு மாதிரி வரும் என்றார். வந்தால் வரட்டும், உங்கள் தலையிலேயே போடுகிறேன் என்றேன்.

தம்பி, அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் கண்ணாடி மூடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பாத்திரத்தின் வெளியே கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான். பிறகு அந்தச் சின்னச் சின்னச் சுருள்கள் மூச்சு விட ஆரம்பித்தன. உண்மையாகச் சொல்கிறேன், தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி மெல்ல எழும்பின. இடைவெளி எல்லாம் நிரம்பி ஒன்றோடொன்று தோள் ஒட்டிக்கொண்டன. பிறகு வாசனை வந்தது. கடை மூடியதிலிருந்து வீட்டில் வராத வாசனை. தீ இல்லாமல், யாரையும் சுடாமல், ரொட்டி வேகுமா? என் கண் முன்னால் வெந்தது.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அடியும் ஓரமும் அழகாகச் சிவந்திருந்தன, மேலே மட்டும் வெளுத்துப்போய் ஈரமாக இருந்தது. உன் அண்ணன் எழுந்து வந்தார். மூடியைத் தூக்கினார், உள்பக்கம் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் தொட்டார். மூடி வேர்த்து மேலே சொட்டுது, அடுத்த தடவை மூடிக்கு அடியில் துணி கட்டு என்றார். அடுத்த தடவை என்று சொன்னார், தம்பி. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா!

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. அன்று நீ கேஸைத் திறந்துவிட்டு, வாசலில் மாவு வண்டி வந்ததென்று ஓடினாய். அது தெரியாமல் அவர் தீக்குச்சியைக் கிழித்தார். இதை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உன் முகம்தான் வந்தது. ஒரு வரி எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதமும் திரும்பி வரவில்லை. ஆகவே படித்திருக்கிறாய், பேசாமல் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. பரவாயில்லை, நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் மேற்பார்வைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் தூள் பறந்தது. பால் சூடு ஜாஸ்தி, மாவு இன்னும் இழையணும், கையா அது உலக்கையா என்று எனக்கு அர்ச்சனை. குட்டிக்குக் கொண்டாட்டம். சுருள்களைப் பாத்திரத்தில் அடுக்கியதும், கடை வழக்கப்படி துணி போட்டு மூடி, நன்றாக உப்பும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். தொட்டுப் பார்த்து, விரல் பதிந்து மெல்ல மீண்டு வந்த பிறகுதான் திருகைத் திருப்பச் சொன்னார். மூடிக்கு அடியில் துணியும் கட்டினோம். உங்கள் தொழில் முறை ஒன்றுகூடத் தவறவில்லை.

நாசமாய்ப் போயிற்று. பாத்திரம் மெல்ல மெல்லச் சூடாகிற அந்த நேரத்திலும் மாவு சும்மா இருக்குமா? ஏற்கெனவே உப்பியது மேலும் உப்பி, மூடித் துணியைப் போய் முட்டி, பிறகு காற்றுப் போன பந்து மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. திறந்தால் நடுவில் பள்ளம், புளித்த வாடை. இனி இந்த மனிதர் ஸ்டூலில்கூட உட்கார மாட்டார், தெருவுக்கே போய்விடுவார் என்று பயந்து, துணியை எடுத்த கையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கிறார்! ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு. பேக்கரிக்காரன் பண்ணினா பள்ளம், கல்லாக்காரி பண்ணினா பன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. நானும் குட்டியும் அந்தப் பள்ளத்தைச் சுற்றி நின்று சிரித்தோம். தையல்காரம்மா என்னமோ ஏதோ என்று மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அந்தச் சட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்ம அடுப்புல மாவு தயாரா போகணும், போன உடனே தீ அதைப் பிடிச்சுக்கும். இது அப்படி இல்ல, இதுக்குள்ளயே உப்புது, இதுக்குள்ளயே வேகுது, அவசரமே இல்ல, இத்தனை வருஷம் மாவு பிசைஞ்சும் இப்படி ஒரு சூடு இருக்குன்னு எனக்குத் தெரியாதே என்றார். கோயிலில் நிற்கிறவர் மாதிரிக் குரல் தணிந்துவிட்டது. கையைப் பாத்திரத்தின் மேல் வைத்தார். அந்த வலது கையைத்தான். எடுக்கவே இல்லை. எதை எதையோ அதிசயம் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம், இதற்கு முன் நான் ஒன்றையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த வாரம் அவரே செய்தார். இடது கையால் பிசைந்தார். வலது கையின் மணிக்கட்டால் அழுத்திப் பரப்பினார். வெண்ணெய், பட்டைத்தூள், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சரி. சுருட்டுகிற இடத்தில்தான் நின்றுவிட்டார். மாவுத் தகட்டை இரண்டு முனையிலும் பிடித்து ஒரே சீராகச் சுருட்ட வேண்டும் அல்லவா? கடையில் ஒரு முனை அவர், மறு முனை நீ. நான் போய்ப் பிடித்தேன். என் பக்கம் தளர்ந்து, அவர் பக்கம் இறுகி, அது ஒரு பாம்பு இரை விழுங்கிய மாதிரி ஆயிற்று. திட்டவில்லை. அவன் இருந்தா என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு, அந்த மாவைப் பார்த்தபடியே உன்னைப் பற்றிப் பேசினார். அவன் கேஸைத் திறந்தான், சரி, மோந்து பார்க்காம குச்சியைக் கிழிச்சது நான்தானே, அந்த முட்டாள் எதுக்கு ஓடினான் என்றார். உன்னைத் திட்டிவிட்டாரே என்று வருத்தப்படாதே. எனக்கு அதைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

கோணலோ மாணலோ, சுருள்களை உப்ப விடாமல் நேரே சட்டியில் வைத்தோம், துணி கட்டினோம். வேறு வேலை பார்க்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். திறந்தபோது மேலே ஈரமில்லை, நடுவில் பள்ளமில்லை. பாலில் சர்க்கரைப் பொடியைக் குழைத்து மேலே ஊற்றினார், அது சூட்டில் இளகி ஒவ்வொரு சுருளுக்குள்ளும் இறங்கியது. ஒருவரும் சட்டியை விட்டு நகரவில்லை. குட்டிகூட.

கட்டடக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உன் அண்ணன் அவருக்கு ஒரு சுருளைக் கொடுத்து உட்காரவைத்து, இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க, ரெண்டு பேரா வந்து சாவி விஷயம் சொல்றோம் என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பாவம், அவருக்குத் தெரியாது. அந்த இரண்டாவது ஆள் நான் இல்லை. எனக்குச் சுருட்ட வராது என்று இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். கடை அடுப்பின் முன்னால் தனியாகப் போய் நிற்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதை என்னிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். சட்டி வட்டமாக இருப்பதால் ஓரத்தில் சுற்றிலும் சுருள்கள், நடுவில் ஒன்றே ஒன்று. குட்டி வழக்கம்போல அதற்குக் கையை நீட்டினாள். அவர் அவள் கையை மெல்ல நகர்த்தி வேறொன்றைக் கொடுத்துவிட்டு, நடுச் சுருளை ஒரு கிண்ணத்தில் வைத்துத் தட்டால் மூடினார். சித்தப்பாவுக்கா என்று அவள் கேட்டாள். ஆறட்டும் என்றார்.

மறுநாள் மறுபடி செய்தார், மறுபடி நடுவில் இருந்ததை எடுத்து மூடிவைத்தார். ஒரு நாளில் அது காய்ந்து விறைத்துப்போகிறது. குட்டிக்கும் தருவதில்லை, எனக்கும் தருவதில்லை. தானே டீயில் முக்கி முக்கிக் கடித்துத் தின்கிறார். பல் போய்விடும் போலிருக்கிறது.

நீ நல்லா இருக்கணும், தம்பி. அது காய்வதற்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அண்ணி