கோழி ஏலமும் லேகாவின் சம்பளமும்

குன்னத்துகால்,
திங்கள்கிழமை

அன்பு மகன் சஜுவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் மாமியும் ஒரு கோழியும் சுகம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் ஷிஜாவும் இருமாமல் இருக்க ஜெபிக்கிறோம். கோழி எப்படி இதில் வந்தது என்று சொல்கிறேன், அவசரப்படாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டாள், உன் மாமிக்கோ, அதான் என் அக்காவுக்கோ, வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோனதே தவிர காது ரெண்டும் நன்றாகவே கேட்கிறது. நீ கேட்டது அவள் காதில் விழக்கூடாது.

மாமியை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் வரவில்லை மக்கா, வருத்தம்தான் வந்தது, அதுவும் உன்மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய் நீ அனுப்புவது டயப்பருக்கும் மாத்திரைக்கும் ஹோம் நர்ஸ் லேகாவின் சம்பளத்துக்கும் பத்தாம் தேதிக்குள் போய்விடுகிறது, மிச்சத்துக்கு நான் ரப்பர் ஷீட் விற்கிறேன். நானும் ரெண்டு முறை அந்த யோசனை யோசித்தவன்தான்.

இனி கோழி. போன ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. வந்த காணிக்கையை ஆராதனை முடிந்ததும் அங்கேயே ஏலம் விடுவார்களே, அதற்கு எல்லாரும் வாழைக்குலையும் சேனையும் கொடுக்க, மாமி தன் ஜன்னலில் வந்து சோறு வாங்கித் தின்னும் அந்தச் செவலைக் கோழியைக் கொண்டுபோகச் சொன்னாள், எனக்குக் குடுக்க வேற என்ன உண்டு என்றாள். உன் அம்மா காலையிலேயே சட்டம் போட்டாள், வீட்டு நிலைமைக்கு இந்த வருஷம் யாரும் ஏலத்தில் வாய் திறக்கக்கூடாது என்று. நானும் நல்ல பிள்ளைபோல் தலையாட்டினேன். ஆனால் நாளைக்கு மாமி வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாளே என்று மனசு கேட்கவில்லை. லேகாவின் சம்பளக் கவரிலிருந்து நாலாயிரத்தை உருவி, எனக்காக ஏலம் கேட்க நம்ம சபை எலியாவை ஏற்பாடு செய்தேன். ஆண்கள் பக்கத்தில் அவன் பின்னால் உட்கார்ந்து நான் முதுகில் குத்தக் குத்த அவன் ஏற்றினான். பெண்கள் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு ஓமனா விடவில்லை. முந்நூறு, ஆயிரம், ரெண்டாயிரம், இவளுக்கு எங்கிருந்து இத்தனை பணம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாயிரத்தில் நான் நின்றேன், ஓமனா நாலாயிரத்து ஐம்பது என்றாள், மூணு தரம் முடிந்தது, சபையே கைதட்டியது.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் அதே கோழி. ஓமனாவை ஏலம் கேட்க விட்டதே உன் அம்மாதானாம், அவளும் அதே கவரில்தான் கை வைத்திருக்கிறாள், நான் எடுத்தது தெரியாமல் எண்ணிப் பார்க்காமல் எடுத்திருக்கிறாள். லேகாவின் சம்பளத்தில் ஒரு பாதி இன்னொரு பாதியோடு சண்டை போட்டு ஐந்நூறு ரூபாய்க் கோழியின் விலையை ஏற்றியிருக்கிறது! லேகாவுக்கு ஒரு பைசா குறைக்கவில்லை. அம்மா கண்ணாடி மாற்ற வைத்திருந்ததை எடுத்தாள், நான் விலை ஏறட்டும் என்று வைத்திருந்த ஷீட்டை விற்றேன்.

கதை கேட்ட மாமி கோணிய வாயால் சிரித்துப் புரை ஏறி, லேகா முதுகைத் தட்டவேண்டி வந்தது. சிரிப்பு அடங்கியதும், எலே தாஸே, அடுத்த வருசம் என்னையும் ஏலத்துல வையிலே, எவன் எடுக்கியான்னு பாப்போம் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. மாதம் முழுக்கச் செலவைச் சொல்லிப் புலம்புகிற உன் அம்மா அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள், இவிய எம்புட்டு கேட்டாலும் நான் அம்பது ரூவா கூட கேப்பேன் மைனி, உங்கள எவனுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேனாக்கும்.

உன் கேள்விக்கு அதுதான் பதில் மக்கா. இனி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே, படுத்து உறங்கு, குறைகிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கர்த்தர் உங்கள் ரெண்டு பேரையும் பத்திரமாகக் காப்பாராக. வாசித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, மறக்காதே, நீ இல்லத்தைப் பற்றிக் கேட்டது மாமிக்கு ஒருநாளும் தெரியவேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
ஏலத்தில் தோற்ற உன் அப்பா
கனகதாஸ்